என் பெயருக்குப் பக்கத்தில் பெரம்பலூர்

பெரம்பலூர்
12.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

தேவயானி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சவுதியிலிருந்து அண்ணன் பேசினாரா?

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் தம்பி உங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் உங்கள் போனைத்தான் கையில் எடுப்பார். அதனால் அங்கன்வாடி விலாசத்துக்கு எழுதுகிறேன். டீச்சருக்குத் தபால் வந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அன்றைக்கு ஜெயங்கொண்டத்தில் என்னைப் பஸ் ஏற்றிவிட்டு நீங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனீர்கள். தம்பி பெண்டாட்டியைத் தம்பியிடமிருந்தே தப்ப வைத்துவிட்டு எப்படி அந்த ஊரில் இருக்கப்போகிறீர்களோ என்று அரியலூர் வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

இங்கே புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறேன். வார்டன் ரெங்கம்மாள் அக்கா என் ஆதாரைப் பார்த்தார், என் கழுத்துக் காயத்தையும் பார்த்தார். "இங்க ஒன் பேரு சத்யா. கேட்டா நான் பாத்துக்குறேன்" என்றார். ரத்தம் டெஸ்ட் எடுக்கும் லேப் ஒன்றில் சீட்டு எழுதும் வேலையும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். அங்கேயும் நான் சத்யாதான்.

ஒரு இடத்தில் மட்டும் தேவயானி. நான் சொல்லிக்கொண்டிருந்த மெடிக்கல் கோடிங் படிப்பில் ஆன்லைனில் சேர்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய எண்ணைப் போடும் வேலை. சர்டிபிகேட்டில் ஆதாரில் உள்ள பெயர்தான் வரும் என்றார்கள், போட்டோவும் கேட்டார்கள், கொடுத்தேன். முதல் பாடமே என்ன தெரியுமா? நோயாளியின் பெயர், ஊர், முகம் மூன்றையும் வெளியில் விடக்கூடாது என்பதுதான். சார் அதை அழுத்தி அழுத்திச் சொன்னார். கேட்கவே நிம்மதியாக இருந்தது.

பகலில் பரவாயில்லை அண்ணி. ரோட்டில் சுண்ணாம்புக்கல் டிப்பர் போனால் மட்டும் கை வேலையை விட்டுவிடுகிறது. உங்கள் தம்பி வண்டியின் நிறம் எது என்பதே இப்போது மறந்துவிட்டது. எல்லா டிப்பரும் அவருடையதாகத் தெரிகிறது.

பதில் போடுங்கள். உறையின் மேல் சத்யா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
தேவயானி

—

ஆண்டிமடம்
25.6.2025

அன்புள்ள தேவயானிக்கு,

வளர்மதி எழுதுவது. கடிதம் கிடைத்தது. நீ சாப்பிடுகிறாய் என்று படித்த பிறகுதான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது. முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. என் வீட்டுக்காரர் வாரம் ஒரு முறை பேசுகிறார். உன்னைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ராஜவேல் செந்துறையிலிருந்து நாலைந்து தடவை வந்துவிட்டான். முதல் தடவை அழுதான். "அக்கா, அவ இல்லாம இருக்க முடியலக்கா" என்றான். நான் வளர்த்த பிள்ளை, அழுதால் மனசு கேட்கவில்லை. உன் கழுத்தை நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த தடவை அழவில்லை. என் போனை எடுத்துப் பார்த்தான், பீரோவைத் திறந்து பார்த்தான், முந்திரிக் கொட்டை மூட்டைக்குப் பின்னால்கூடப் பார்த்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீ படி. படிப்பை விடாதே. கல்யாணத்தோடு விட்டது போதும். உன் கடிதத்தைப் படித்ததும் அங்கன்வாடி அடுப்பில் போட்டுவிட்டேன். என் கடிதத்தையும் நீ அப்படியே செய். எனக்கு உன் ஊர் தெரியும், விடுதி தெரியும். அது என்னோடு இருக்கும்.

கழுத்தில் இருந்த காயம் ஆறிவிட்டதா? எழுது.

இப்படிக்கு,
வளர்மதி

—

பெரம்பலூர்
20.7.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். காயம் ஆறிவிட்டது. தொட்டால்தான் தெரியும்.

ஒரு சந்தோஷமான சேதி. இந்த மாதப் பரீட்சையில் நான் முதலிடம்! தமிழ்நாடு முழுக்கப் படிக்கிறவர்களில் முதல். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வேறு யாரோ தேவயானி என்று நினைத்தேன். கோர்ஸ்காரர்கள் வாழ்த்து அனுப்பியிருந்தார்கள், "எங்களுக்கெல்லாம் பெருமை" என்று. எனக்கு யாராவது கடைசியாக அப்படிச் சொன்னது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

கூடப் படிக்கிற பெண் ஒருத்தி சிநேகிதி ஆகிவிட்டாள். பெயர் ஜோதி, அரும்பாவூர். வகுப்புக்குள் எல்லோரும் தங்களைப் பற்றி நாலு வரி எழுதுங்கள் என்று ஆரம்பத்தில் சார் சொல்லியிருந்தார். நான் பெரம்பலூர் என்று எழுதியதைப் பார்த்து, "நம்ம பக்கம்தானா நீங்க!" என்று பேச ஆரம்பித்தாள். சந்தேகம் எல்லாம் அவளிடம்தான் கேட்டுக்கொள்கிறேன். என் வீட்டு விஷயம் எதுவும் அவளுக்குத் தெரியாது.

நேற்று லேபுக்கு ஒரு அம்மா வந்தார்கள், உங்கள் ஜாடை. ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டு, "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உங்களை நினைத்துச் சிரித்துவிட்டேன். சிரித்து ரொம்ப நாள் ஆகிறது அண்ணி.

முதலிடம் வந்ததை உங்களைத் தவிர யாரிடம் சொல்வது? அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அன்புடன்,
தேவயானி

—

ஆண்டிமடம்
6.8.2025

தேவயானிக்கு,

நான் நலம். நீ பத்திரமாக இருக்கிறாயா? முதலில் அதற்குப் பதில் போடு.

நேற்று ராஜவேல் வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியும். முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன், எதிரில் உட்கார்ந்தான். "பெரம்பலூருலதான் இருக்காளாமே" என்றான். முறம் கையிலிருந்து நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன். "யாரு?" என்று கேட்டேன். "படிக்கிறாளாம்ல. மொதல் மார்க்காம்ல. லேபுல வேல வேற பாக்குறாளாம். ஒனக்குத் தெரியாதாக்கும்?" என்றான்.

தெரியாது என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியாட்டிப் போவுது, மறுபடி வரேன்" என்று எழுந்து போய்விட்டான்.

எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. நான் சொல்லவில்லை. நீ வேறு யாரிடமாவது சொன்னாயா? முடிந்தால் இடத்தை மாற்றிவிடு. வேலைக்குப் போகும் வழியையும் மாற்று.

வளர்மதி

—

பெரம்பலூர்
11.8.2025

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே லேபுக்கு ஒரு போன் வந்தது. நான்தான் எடுத்தேன். "தேவயானின்னு ஒரு பொண்ணு அங்க வேல பாக்குதுங்களா?" அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு ரிசீவரைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினேன். "அப்புடி யாரும் இல்லீங்களே" என்று அவர் வைத்துவிட்டார். இங்கே நான் சத்யா என்பதால் தப்பித்தேன். ஊரில் உள்ள எல்லா லேபுக்கும் போன் வந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

நான் பெரம்பலூரில் இருப்பது, லேபில் வேலை பார்ப்பது, முதலிடம் வந்தது. இந்த மூன்றும் சேர்ந்தாற்போல் ஒருவருக்குத்தான் தெரியும். நான் யாருக்குக் கடிதம் எழுதினேன்? உங்களுக்கு மட்டும்தான். ஜோதிக்கு உங்கள் தம்பி என்று ஒருவர் இருப்பதே தெரியாது.

அவர் உங்கள் கூடப்பிறந்தவர். அவர் அழுதால் உங்களுக்கு மனசு கேட்காது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். உங்கள்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. நீங்கள் இல்லாவிட்டால் நான் உயிரோடு பஸ் ஏறியிருக்க மாட்டேன். ஆனால் ஏற்றிவிட்ட கையே காட்டியும் கொடுத்துவிட்டதோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விடுதியிலிருந்து போகிறேன். எங்கே என்று எழுதப்போவதில்லை. இனிமேல் எழுத வேண்டாம்.

தேவயானி

—

ஆண்டிமடம்
19.8.2025

தேவயானிக்கு,

நீ எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு. விடுதி விலாசத்துக்கே போடுகிறேன், வார்டன் உன்னிடம் சேர்ப்பார் என்று நம்புகிறேன்.

கையெழுத்து வேறாக இருக்கும். துணி துவைக்கும் கல்லில் வழுக்கி விழுந்து வலது கை பிசகிவிட்டது. நான் சொல்லச் சொல்ல அங்கன்வாடி ஆயா கண்ணகி எழுதுகிறாள். அவள் வாயும் கெட்டி.

நான் சொல்லவில்லை. இதற்கு மேல் எப்படி நிரூபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, தனியாக எங்கேயும் போகாதே.

வளர்மதி

—

பெரம்பலூர்
21.9.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கை தேவலையா? இவ்வளவு நாள் கழித்து இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது.

என்னை மன்னித்துவிடுங்கள். காட்டிக்கொடுத்தது நீங்கள் இல்லை. அந்தக் கோர்ஸ்.

நான் இப்போது ரெங்கம்மாள் அக்கா வீட்டிலேயே ஒரு அறையில் இருக்கிறேன். வகுப்பில் மட்டும் கலந்துகொண்டிருந்தேன், யாரோடும் பேசுவதில்லை. ஜோதி விடாமல் கேட்டதால் ஒருநாள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அக்கா, உங்க பேர நெட்டுல போட்டுப் பாத்தீங்களா?" என்றாள். எதற்கு என்றேன். "போடுங்களேன்."

போட்டேன். முதலில் வந்தது என் முகம் அண்ணி. சேரும்போது கொடுத்தேனே, அந்தப் போட்டோ. சுற்றிலும் பூப்போட்ட பார்டர், "மாதத்தின் சிறந்த மாணவி". கீழே தேவயானி, பக்கத்தில் பெரம்பலூர். அதைத் தொட்டால் நான் படித்த கல்லூரி, சேர்ந்திருக்கும் வகுப்பு. இன்னும் கீழே போனால் என்னைப் பற்றி நானே எழுதிய நாலு வரி, லேபில் வேலை செய்கிறேன் என்பது உட்பட. அது வகுப்புக்குள் இருப்பவர்கள் மட்டும் படிப்பது என்று நினைத்திருந்தேன். பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. தெருவில் போகிற யாரும் படிக்கலாம். உங்கள் தம்பி செய்ததெல்லாம் என் பெயரைப் போட்டதுதான்.

கோர்ஸ்காரர்களுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். "மேடம், டாப்பர் போட்டோவ எடுக்கச் சொல்ற மொத ஆளு நீங்கதான். எல்லாரும் போடச் சொல்லிக் கேப்பாங்க" என்றாள். என் உயிருக்கு ஆபத்து என்றேன். "நீங்க சேரும்போது சம்மதம்னு டிக் பண்ணியிருக்கீங்களே மேடம்" என்றாள். டிக் செய்யாவிட்டால் அடுத்த பக்கமே திறக்காது என்றேன். "புகார எழுதிக்கிட்டேன், சம்பந்தப்பட்ட டீம் பாப்பாங்க" என்று வைத்துவிட்டாள். நோயாளி முகத்தை மறைக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் அண்ணி இவர்கள்.

இதோடு போகவில்லை. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி கடைசிப் பரீட்சை. எந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் எழுதுகிறார்கள் என்ற பட்டியலையும் அதே தளத்தில் போட்டிருக்கிறார்கள். துறைமங்கலம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். என் பெயர், நேரம் எல்லாம் இருக்கிறது.

என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்கள் குரலைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. எப்படி விழுந்தீர்கள்? டாக்டரிடம் காட்டினீர்களா?

உங்கள்,
தேவயானி

—

ஆண்டிமடம்
29.9.2025

அன்புள்ள தேவயானிக்கு,

நானே எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கை பரவாயில்லை. அதை விடு.

நீ என்னைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ராஜவேல் இப்போது வருவதே இல்லை. வந்துகொண்டிருந்தபோதாவது அவன் மனசில் என்ன ஓடுகிறது என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். டிப்பரை வேறு ஆளிடம் ஓட்டக் கொடுத்துவிட்டு எங்கேயோ சுற்றுகிறான் என்று செந்துறையிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

அந்தப் பரீட்சைக்குப் போகாதே. படி என்று சொன்ன வாயால்தான் இதையும் சொல்கிறேன். உயிரோடு இருந்தால் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். அவனை உன்னைவிட எனக்கு அதிக வருஷம் தெரியும். சொன்னால் கேள்.

வளர்மதி

—

பெரம்பலூர்
15.10.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதைத்தான் முதலில் தேடுவீர்கள்.

நீங்கள் சொல்லியும் போனேன். வீடு, பெயர், விடுதி என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன், இதையும் விட்டால் என்னிடம் ஒன்றும் மிஞ்சாது என்று தோன்றியது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. ஜோதி எங்களோடு படிக்கிற எல்லோருக்கும் செய்தி அனுப்பி, அவரவர் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். ஒரு பெண்ணுக்கு வீட்டு விலாசமே வந்தது. இன்னொருத்திக்குப் போன் நம்பர். யாரோ கூப்பிட்டு அசிங்கமாகப் பேசியதற்குக் காரணம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எல்லோரும் ஒரே நாளில் புகார் அனுப்பினார்கள். அதன் பிறகு முதலிடப் பக்கத்தை எடுத்தார்கள். பரீட்சைப் பட்டியல் மட்டும் அப்படியே இருந்தது.

ரெங்கம்மாள் அக்கா என்னை மகளிர் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனார். அங்கே இருந்த எஸ்.ஐ. அம்மா கழுத்துத் தழும்பைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். எழுத ஆரம்பிக்கும் முன், "ஒங்க பேரு வெளிய தெரியக்கூடாதுன்னா சொல்லிடுங்க" என்றார். இதுவரை என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். பரீட்சை அன்றைக்கு ஒரு பெண் போலீஸைச் சாதாரணச் சேலையில் அனுப்புகிறேன் என்றார்.

நானும் ஜோதியும் ஆட்டோவில் போய் இறங்கினோம். இறங்கியதுமே பார்த்துவிட்டேன். கேட்டுக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியில் உங்கள் தம்பி நின்றார். கையில் போன். உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்ப்பார், போனைப் பார்ப்பார், மறுபடி முகத்தைப் பார்ப்பார். ஆள் மெலிந்து, தாடி வளர்ந்து, எனக்கே அடையாளம் சட்டென்று பிடிபடவில்லை. ஜோதி, "திரும்பிப் போயிடலாங்க்கா" என்றாள். அதற்குள் பார்த்துவிட்டார்.

ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். "ஊருக்கெல்லாம் மொகத்தக் காட்டுவ, எனக்கு மட்டும் காட்டமாட்டியா?" என்று கேட்டுக்கொண்டே என் பின்னலைப் பிடித்தார். ஜோதி கத்தினாள். வாட்ச்மேன் எழுந்து வந்தவர், "புருசன் பொண்டாட்டியா?" என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டார். எனக்குக் குரலே வரவில்லை. மூன்று வருஷமாக அப்படித்தான், அவர் கை பட்டால் குரல் போய்விடும். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ, "நான் வரமாட்டேன்" என்றேன். மெதுவாகத்தான் வந்தது. மறுபடி சொன்னேன். டீக்கடையிலிருந்து அந்தப் பெண் போலீஸ் ஓடி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

நிலையத்தில் எதிரெதிரே நிறுத்தி விசாரித்தார்கள். இங்கே இருப்பது எப்படித் தெரியும் என்று எஸ்.ஐ. கேட்டார். உங்கள் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்கக்கா கைய முறுக்கி ஒடிச்சேன், மூச்சு விடல அவ. போன்ல பேரப் போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். படத்தோட, பரீட்ச எழுதுற எடத்தோட வந்துடுச்சு."

அண்ணி, துவைக்கிற கல்லில் விழவில்லையா நீங்கள்?

உங்கள் கை ஒடிந்து கிடந்தபோதுதான் என் கடிதம் வந்திருக்கிறது. காட்டிக்கொடுத்த கை என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, தனியாக எங்கேயும் போகாதே என்று எனக்குப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

அன்றைக்குப் பரீட்சை எழுத முடியவில்லை. நவம்பரில் வேறு இடத்தில் எழுதலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

தேவயானி

—

ஆண்டிமடம்
2.11.2025

அன்புள்ள தேவயானிக்கு,

நீ தப்பித்தாய் என்று படித்ததும் கண்ணகியைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தன.

ஆமாம், விழவில்லை. உன்னை எச்சரித்து எழுதினேனே, அதற்கு இரண்டு நாள் கழித்து வந்தான். விலாசத்தைக் கேட்டான். சொன்னால் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே முறுக்கினான். உண்மையை எழுதினால் நீ உடனே கிளம்பி இங்கே வந்துவிடுவாய், அவனுக்கு வேண்டியதும் அதுதான். அதனால் கல்லின்மேல் பழியைப் போட்டேன். என்னைச் சந்தேகப்பட்டு நீ எழுதிய கடிதத்தையும் அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் அதை விட்டுவிடு.

ஆண்டிமடம் போலீசில் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். சவுதியிலிருந்து என் வீட்டுக்காரர், "கூடப்பொறந்தவனுக்கு எதிரா சாட்சி சொல்லப் போறியா?" என்று கத்தினார். "ஒடிஞ்சது என் கைங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை.

ராஜவேலுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. பெரம்பலூருக்குள் வரக்கூடாது, என்னிடமும் வரக்கூடாது என்று உத்தரவாம். நேற்று மத்தியானம் வாசலில் வந்து நின்றான். "அக்கா, சோறு இருக்கா?" என்றான், ஒன்றுமே நடக்காததுபோல. போட்டேன் தேவயானி. சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அவ அடுத்து எங்க போறா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அதனால் சொல்கிறேன். படிப்பு முடிந்து எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு எழுதாதே. போன தடவை எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை தாங்குவேனா என்று எனக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியவே வேண்டாம்.

வளர்மதி

—

20.12.2025

அன்புள்ள அண்ணிக்கு,

தேவயானி எழுதுகிறேன். நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

கடிதத்தின் மேலே ஊர் பெயர் இல்லை. நீங்கள் சொன்னபடியே விட்டுவிட்டேன். நவம்பரில் பரீட்சை எழுதினேன், தேறிவிட்டேன், ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்துவிட்டது. முதலிடம் இல்லை. அது ஒருவகையில் நல்லது. வெற்றி பெற்றவர்கள் பக்கத்தில் என் போட்டோவைப் போடலாமா என்று கோர்ஸ்காரர்கள் இந்த முறை கேட்டார்கள். வேண்டாம் என்று ஒரு சொல்லில் அனுப்பினேன். பட்டியலில் இப்போது யார் பெயரும் இல்லை, எண் மட்டும்தான். ஜோதியும் மற்றவர்களும் விடாமல் எழுதியதால் நடந்தது. இருந்தாலும் காலையில் எழுந்ததும் என் பெயரைப் போட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் வருவதில்லை. வேறு யார் போனிலாவது அந்தப் படம் இருக்குமே என்ற நினைப்புப் போவதில்லை. உங்கள் தம்பி போனில் இருக்கத்தானே செய்யும்.

அவர் உங்கள் வாசலுக்கு வந்ததை எஸ்.ஐ. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆண்டிமடத்துக்குப் பேசியிருக்கிறார். இனி வந்தால் சோறு போடாதீர்கள், கதவைத் திறக்காதீர்கள், கண்ணகியை ஸ்டேஷனுக்கு அனுப்புங்கள். தம்பிக்குக் கதவைச் சாத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். சாத்துங்கள் அண்ணி.

ஜனவரி எட்டாம் தேதி ஜெயங்கொண்டம் கோர்ட்டில் உங்கள் கை வழக்கு வருகிறது என்று எஸ்.ஐ. சொன்னார். உங்கள் தம்பியும் அங்கே நிற்பார். நான் வர வேண்டிய அவசியம் இல்லை என்றார்கள். வருகிறேன். அவர் எதிரில் உங்கள் பக்கத்தில் உட்காரப்போகிறேன்.

எந்த ஊர் என்று எழுதக்கூடாது என்றீர்கள், எழுதவில்லை. ஆனால் அங்கே ஒரு சிறிய வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் இருக்கலாம். கோர்ட் முடிந்ததும் நான் ஏறுகிற பஸ்ஸில் நீங்களும் ஏறிவிட்டால், ஊரின் பெயரை உங்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை. இறங்கும்போது நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

பதில் எழுத வேண்டாம். மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள்,
தேவயானி